பூ வரட்டும், பேர் சொல்கிறேன்: மூலிகையும் பூச்செடியும், கேள்வி பதில்

செடி வளர்ப்பு, மூலிகை பற்றி வந்த கேள்விகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தவை இவை. நான் வைத்தியர் இல்லை. தாவரவியல் பாடம் எடுத்தவள், முப்பது வருடமாகத் தொட்டியும் மண்ணுமாக இருப்பவள், அவ்வளவுதான். ‘எனக்கு இந்த நோய், எந்த இலை, எத்தனை வேளை’ என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, துளசி விதை போட்டு நாலு மாதம் ஆகிறது. முதலில் இலை அகலமாக வந்தது. இப்போது கதிர் விட்டு, இலையெல்லாம் பொடிசாகிவிட்டது. உரம் போதவில்லையா?

உரம் இல்லை, கதிர்தான் காரணம். பூக்கத் தொடங்கிய துளசிக்கு விதையை முற்ற வைப்பதிலேயே கவனம், இலை பிறகுதான். கதிர் அரை விரல் நீளம் வந்ததும் கிள்ளிவிடுங்கள். கதிரை மட்டும் உருவிப் போடாமல், அதற்குக் கீழே ஒரு ஜோடி நல்ல இலை இருக்கும் கணுவைப் பார்த்து, அதற்குச் சற்று மேலே நறுக்குங்கள். கணுவின் இரண்டு பக்கமும் துளிர் கிளம்பும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நாலாகும், செடி புதராகும். இலை பறிப்பதானால் மொட்டு தலைகாட்டும் நாட்களில், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பறியுங்கள். ஒன்றிரண்டு கதிரைத் தேனீக்கு விட்டுவையுங்கள். நான் விடுவேன்.

செம்பருத்தியில் மொட்டு நிறைய வருகிறது, ஒன்றுகூட விரிவதில்லை. எல்லாம் உதிர்கிறது.

உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே மெலிந்த வெள்ளைப் புழு நெளிந்தால், ஈ ஒன்று மொட்டுக்குள் முட்டை இட்டிருக்கிறது என்று அர்த்தம். உதிர்ந்தவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கி அழியுங்கள். மண்ணிலேயே கிடந்தால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த தலைமுறை ஈயாகத்தான் வெளியே வரும். புழு இல்லையென்றால் மொட்டுக் காம்பையும் துளிரையும் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசை கட்டி ஏறினாலும் அதே சந்தேகம்தான். அந்தப் பூச்சி விடும் இனிப்புக் கசிவுக்காக எறும்பே அதைக் காவல் காக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். புழுவும் இல்லை, மாவுப்பூச்சியும் இல்லையென்றால் காரணம் தண்ணீர்தான். ஒருநாள் காய விட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் செம்பருத்தி மொட்டைத்தான் முதலில் கைவிடும்.

பால்கனியில் சாமந்தி வைத்திருக்கிறேன் மேடம். ஆள் உயரத்துக்கு வராத குறை, ஆனால் பூ இல்லை. பக்கத்து வீட்டில் அதே நாற்று பூத்துக் குலுங்குகிறது.

உங்கள் பால்கனியில் ராத்திரி விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் தெருவிளக்கு நேராக விழுகிறதா? அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரு ரகப் புகையிலை கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போயிற்று, பூக்கவே இல்லை. கார்னர், அல்லார்டு என்ற இருவர் உரம், ஈரம், வெப்பம் என்று எதையெல்லாமோ மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பகல்நேரத்தில் செடியை இருட்டறைக்குள் தள்ளிப் பொழுதைக் குறைத்தார்கள். பூத்துவிட்டது. 1920இல் அதை எழுதினார்கள். பகல் குறைவதுதான் காரணம் என்று எல்லாரும் நம்பியிருக்க, 1938இல் மருளூமத்தையை வைத்துச் சோதித்தபோது, செடி எண்ணுவது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்று தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டாலே கணக்குக் கலைந்துவிடும். சாமந்தியும் அதே வகை. பொழுது சாய்ந்ததும் தொட்டியை விளக்கு விழாத மூலைக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் விடியும்வரை கெட்டியான அட்டைப்பெட்டியால் மூடுங்கள். ஒருநாளும் விட்டுப்போகாமல் சில வாரம் செய்ய வேண்டும். மொட்டு வந்தபின் நிறுத்தலாம்.

அம்மா, படம் அனுப்பியிருக்கிறேன். இது மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே? ஒரு நர்சரியில் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். தினமும் சாறு எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். படத்தில் இலையின் நுனிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் பல் துருத்தி, மூன்று மடலாகத் தெரிகிறதே, பார்த்தீர்களா? பளபளப்பும் அதிகம். இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தரையை மூட அழகுக்காகக் கொண்டுவந்த கொடி. பூ ஒரே மஞ்சள், குடும்பமும் ஒன்று, அதனால்தான் ஏமாற்றுகிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஈட்டி மாதிரி நீண்டிருக்கும், மடல் பிரியாது. வெள்ளைப் பூ விடும் கரிசலாங்கண்ணியில் இந்தக் குழப்பம் குறைவு. தண்டைக் கசக்கி உள்ளங்கையில் வையுங்கள், சிறிது நேரத்தில் சாறு கறுத்துப்போகும். விற்றவரைத் திட்டவும் மனம் வரவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

கீழாநெல்லியை எப்படிக் கண்டுபிடிப்பது? உறவினர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

இரண்டு கேள்வி, இரண்டு பதில்.

கண்டுபிடிப்பது: ஒரு கிளையைத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய் வரிசையாகத் தொங்க வேண்டும். பேரே அதிலிருந்து வந்ததுதான். காய்க்குச் சின்னக் காம்பு இருக்கும், மேல்தோல் வழவழப்பாக இருக்கும். காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டி, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது கூடப்பிறந்த வேறொரு இனம். இலையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கே கை நடுங்கும்.

காமாலை: அது நோயின் பேர் அல்ல, அடையாளம். ஏ வகை வைரஸ் கல்லீரல் அழற்சி, பி வகை, பித்தக்குழாயில் கல், மாத்திரையின் பக்கவிளைவு, கட்டி, எதிலும் கண் மஞ்சளாகும். ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எந்த இலையைக் கொடுத்தாலும் இலைக்குத்தான் பேர். பித்தக்குழாய் அடைத்திருந்தால் இலை குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பி வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வைரஸ் வேறா, செடி வேறா, பறித்த பருவம் வேறா என்று விவாதம் நடந்தது. முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அதற்குப் பிறகு சித்த மருத்துவரிடம் போவதானாலும் அந்த ரிப்போர்ட்டோடு போங்கள்.

நித்தியகல்யாணிப் பூவை வெறும் வயிற்றில் மென்றால் சர்க்கரை குறையும் என்கிறார்களே?

இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்தது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இதே நம்பிக்கைதான் 1950களில் ஜமைக்காவிலிருந்து ஒரு உறையில் சில இலைகளாகக் கனடாவுக்குப் போனது. அங்கே ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது எலிகள் ஒவ்வொன்றாகக் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. வேறொருவராக இருந்தால் ‘விஷச்செடி’ என்று தூக்கிப் போட்டிருப்பார். இவர்கள் மாற்றி யோசித்தார்கள்: வெள்ளணுவை இப்படி அழிப்பது, வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு உதவாதா? 1958இல் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்து பிரிந்து வந்தது. பின்னாலேயே வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மருந்து.

அதன் வீரியம் என்னவென்றால், பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். அந்த அளவிலேயே விரல் நுனி மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கலும் வரும். செடியில் அது மிகமிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கூடவே எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது உடம்பில் வேலை காட்டும் வேதிப்பொருட்கள், இருக்கின்றன, எந்தப் பூவில் எது எவ்வளவு என்று உங்கள் நாக்குக்குத் தெரியாது. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் வம்பு.

வளர்ப்பதற்கு அருமையான செடி, தாராளமாக வளருங்கள். வெயில், வடியும் மண், கொஞ்சம் அலட்சியம், இது போதும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிடும்.

இயற்கையானதுதானே, அளவு என்ன பெரிய அளவு? அந்தக் காலத்தில் கிராம் பார்த்தா கொடுத்தார்கள்?

பார்த்தவர்கள் பிழைக்க வைத்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், உடல் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு டிஜிடாலிஸ் செடியைப் பத்து வருடம் கொடுத்துப் பார்த்து 1785இல் எழுதினார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று கண்டார். அதனால் பூந்தண்டு எழும்பி, மொட்டு விரியப் போகும் சமயத்து இலையை மட்டும் எடுத்தார். அதைக் காயவைத்துப் பொடித்து, நிறுத்துக் கொடுத்தார். கொஞ்சம் கூடினால் நெஞ்சு நின்றுவிடும் செடி அது. ‘ஒரு கைப்பிடி’ என்பது யார் கை என்று நான் எப்போதும் கேட்பேன்.

ஆடாதோடை?

இருமலுக்குப் பேர்போனது. அதிலிருக்கும் வாசிசினைப் பின்பற்றித்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். பென்சில் பருமனுள்ள குச்சியை நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆடுகூட வாய் வைக்காது, வேலிக்கு அதைவிட நல்ல செடி கிடையாது.

கற்றாழை மடலை வெட்டி அப்படியே சாப்பிட்டேன். வயிற்றைக் கலக்கிவிட்டது.

தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கசியும் பால்தான் காரணம். அது கடும் பேதி மருந்து. மடலை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து அதை வடிய விட வேண்டும், பிறகும் சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். மேலே பூசத்தான் என்றாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பாருங்கள்.

தம்பி ஒருவன் ஆடுதின்னாப்பாளை கொண்டுவந்து நட்டிருக்கிறான். பூச்சிக்கடி, வயிற்றுப்பூச்சி எல்லாவற்றுக்கும் நல்லதாம். கஷாயம் வைக்கலாமா அக்கா?

கஷாயம் வேண்டவே வேண்டாம். ஈஸ்வரமூலிக்கும் இதே பதில்தான், இரண்டும் ஒரே பேரினம். அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை ஐயத்துக்கிடமில்லாத முதல் வரிசையில் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையால் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. நடந்தது என்ன தெரியுமா? சீன மருத்துவத்தில் ‘ஃபாங் ஜி’ என்ற பேரில் இரண்டு செடிகளின் வேர் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றது சேர்ந்துவிட்டது. காய்ந்த வேருக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை, யார் கண்டுபிடிப்பது?

செடியைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதன் பூவை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். அடி உப்பி, நடுவே குழலாக ஒடுங்கி, நாக்கு நீட்டியதுபோல் இருக்கும். குழலுக்குள் ரோமங்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் சின்ன ஈ இறங்கலாம், ஏற முடியாது. ராத்திரி முழுக்கச் சிறை. மகரந்தம் ஈயின் மேல் உதிர்ந்தபிறகு ரோமம் வாடி வழி விடும், ஈ அடுத்த பூவுக்கு ஓடும். சிவப்பு உடலுள்ள கறுப்பு அழகி வண்ணத்துப்பூச்சிகள் முட்டை வைப்பதும் இந்தச் செடியில்தான். புழு அந்த அமிலத்தைத் தின்று தன்னுடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. புழுவுக்கு விட்டுவிடுங்கள்.

செங்காந்தள் தொட்டியில் வளருமா?

வளரும், பற்றிப் படரக் கம்பு வையுங்கள், பூத்து முடிந்து காய்ந்தபின் தண்ணீரை நிறுத்துங்கள். சின்னக் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் வேண்டாம். கிழங்கில் கொல்கிசின் இருக்கிறது. தின்றவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கையில் கிடைக்கிற விஷயமல்ல.

இலைகளை எப்படிக் காயவைப்பது?

நிழலில், காற்றாட, ஒன்றன்மேல் ஒன்று விழாமல். இலை வளைந்தால் காயவில்லை, நொறுங்கினால் காய்ந்தது. கண்ணாடி ஜாடி, இருட்டு அலமாரி, மேலே பேரும் பறித்த தேதியும். பேர் எழுதாத ஜாடியைக் குப்பையில் கொட்டுங்கள், மணத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

அம்மா, கீழாநெல்லி கேட்டது நான்தான். நீங்கள் சொன்னபடி உறவினரை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறோம். வீட்டில் உள்ள செடியின் கிளையைத் திருப்பியும் பார்த்தேன், காயே இல்லை. அப்போது இது கீழாநெல்லி இல்லையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செடி எத்தனை விரல் உயரம்? ஒரு சாண்கூட இல்லையென்றால் இன்னும் வயசுக்கு வரவில்லை. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். காய் வந்ததும் கிளையைத் திருப்பிப் பிடித்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பேர் சொல்கிறேன்.