நிழல் விழுகிறதா, இல்லையா?

வணக்கம் அக்கா,

தஞ்சாவூரில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. குடும்பத்தோடு போய்வரும் இடங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதலாம் என்று ஆரம்பித்து இதுவரை நான்கு கட்டுரை அனுப்பிவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியாக எழுதியதை இணைத்திருக்கிறேன், ‘தஞ்சையில் குழந்தைகளுடன் பார்க்க வேண்டிய 10 இடங்கள்’. எங்கே தப்பு என்று சொல்ல முடியுமா? அப்புறம், நான் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊட்டியோ கொடைக்கானலோ போக முடிந்தாலே எங்களுக்குப் பெரிது. என்னைப் போன்றவள் பயணக் கட்டுரை எழுதலாமா? இதில் காசு வருமா? வீட்டில் கேட்கிறார்கள்.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பிழையில்லாமல் எழுதுகிறீர்கள், வாக்கியம் எங்கேயும் இடறவில்லை. ஆனால் பத்து இடத்தில் ஒன்றில்கூட உங்கள் பிள்ளைகளைக் காணோம். தலைப்பில் இருக்கிறார்கள், அதோடு சரி. அந்தப் பத்து இடத்தையும் தஞ்சாவூர்ப் பக்கமே வராத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம், இன்றைக்கு அதற்கு ஆள்கூடத் தேவையில்லை. அதனால்தான் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் இடத்தையே எடுத்துக்கொள்வோம். “பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாதது உலக அதிசயம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோவில் இருக்கும் ஊரிலேயே குடியிருக்கிறீர்கள் க., எத்தனை சாயங்காலம் அங்கே போயிருப்பீர்கள்! நாலரை மணிக்குக் கிழக்கு முற்றத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா, அது எதனுடைய நிழல் என்று நினைத்தீர்கள்? இருநூறு அடிக்கு மேல் உயரமான கல் கட்டடத்துக்கு நிழல் விழாமல் எங்கே போகும். உச்சிவேளையில் அதன் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடுகிறது, அதைப் பார்த்த யாரோ கிளப்பிவிட்ட கதை, சுற்றுலாக் கையேடு ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோவிலுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டியதே இல்லை. கோவிலில் ஆடுவதற்கென்று தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை அவன் வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான், ஒவ்வொருத்தி பேரையும் அவள் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு நம்பர்! ஒன்பது வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிழல் கதையை மறந்துவிடுவான். விமானத்தில் தொப்பி வைத்த ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவரைத் தேடச் சொன்னால் இன்னும் அரை மணி நேரம் ஓடும்.

ஒரு குடும்பத்துக்கு உண்மையில் உதவுகிற விஷயங்கள் உங்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், எழுதத்தான் இல்லை. மத்தியானம் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நடக்கிற ஐந்து வயதுக் குழந்தை என்ன பாடுபடும்? என் மகனுக்கு அப்போது நான்கு வயது, சித்திரை மாதம், பன்னிரண்டு மணி, நந்தி மண்டபத்திலிருந்து கோவில் படிவரைக்கும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து ஓடி, பாதியில் நின்று, என் செருப்பில்லாத பாதத்தின் மேல் தன் இரண்டு பாதத்தையும் ஏற்றி நின்றுகொண்டான். இரண்டு பேரும் அப்படியே சேர்ந்து நடந்துதான் போய்ச் சேர்ந்தோம். போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியாகிவிட்டது, இனி நாலு மணிக்குத்தான். இந்த ஒரு நாளை அப்படியே எழுதியிருந்தால் படிக்கிற அம்மா ஒருத்தி காலையிலேயே கிளம்பியிருப்பாள். உங்கள் கட்டுரையில் “காலை முதல் இரவு வரை தரிசனம் செய்யலாம்” என்று இருக்கிறது.

அரண்மனையைப் பற்றி நான்கு வரி எழுதி மராட்டிய மன்னர்கள் பெயரை வரிசையாகக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டைக் காணோமே! 92 அடி, தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. கடலே இல்லாத ஊரில் ராஜா வீட்டுக்குள் திமிங்கலம் எப்படி வந்தது என்று உங்கள் சின்னவள் கேட்டிருப்பாள், கேட்காமல் இருந்திருக்க மாட்டாள். அவள் கேட்டதுதான் அந்தப் பத்தியின் முதல் வரி. பதில் தேடிக் கொஞ்சம் கிளறினால் தரங்கம்பாடிக்கே ஒரு கட்டுரை கிடைக்கும், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பக்கத்திலேயே பாதிக் கோவிலைக் கடல் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கல்லணைக்கும் இதே கதைதான். கரிகாலன் கட்டினான், சரி. எந்த மாதம் போவது? வைகாசியில் போனால் மணலும் மதகும்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 திறக்கிறது வழக்கம், சில வருஷம் தள்ளிப்போகும், திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள் பிடிக்கும். அதற்கப்புறம் போனால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று ஒரே இடத்தில் நின்று நாலையும் பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். தண்ணீர் வந்தபின் படித்துறையில் பிள்ளையின் கையை விடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும், அழகு கெட்டுப்போகும் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானே மாட்டிக்கொண்டவள். பல வருஷம் முன்னால் மேட்டுப்பாளையம் மலை ரயிலைப் பற்றி உருகி உருகி எழுதினேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளம், இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுவது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒருவர் இரண்டு குழந்தைகளையும் வயதான அப்பாவையும் கூட்டிக்கொண்டு கார்த்திகை மாதம் போயிருக்கிறார். மண் சரிந்து ரயில் ரத்து. ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பாதையில் அடிக்கடி மண் சரியும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை, மழையும் மூடுபனியும் அவ்வளவு அழகாக வந்திருந்தது கட்டுரையில். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதையும் பெருமையாகச் சொன்னேனே தவிர, மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தோடு ஆர்வம் தீர்ந்துவிடும், அந்த மாதிரிப் பிள்ளைகள் இருந்தால் குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் ஏறிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் என்று சொல்லவில்லை. அவர் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. திட்டவே இல்லை. “நீங்கள் எந்த மாதம் போனீர்கள்?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

பாஸ்போர்ட் விஷயத்தை விட்டுத்தள்ளுங்கள். சுவிட்சர்லாந்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே ஒரே ஒரு முறை, ஆறு நாள், டூர் பஸ்ஸில் போனவர்கள். உங்களால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாராசுரம் கோவிலுக்கு நாலு தடவை போக முடியும். முதல் தடவை போகிறவர் கண்ணுக்கு யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கிற சிற்பம் படும், நாலாவது தடவை போகிறவருக்குத்தான் எந்தப் பக்கம் நிழல் இருக்கும், குழந்தையை எங்கே உட்காரவைத்துச் சோறு ஊட்டலாம், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை எங்கே என்பதெல்லாம் தெரியும்.

காசு. இதை மட்டும் நம்பி வீட்டில் அடுப்பு எரியாது, வீட்டில் கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு கட்டுரைக்குக் காசோலை எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறது, வராமலே போனதும் உண்டு. அனுப்பும்போதே எவ்வளவு, எப்போது என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவருக்குத்தான் அந்தக் கட்டுரையின் உரிமை, எழுத்தில் கொடுத்தால்தான் அது கைமாறும், 1957 காப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால் கையெழுத்துப் போடச் சொல்லி வரும் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள். உரிமை கையில் இருந்தால் அதே கல்லணையைச் சிறுவர் இதழுக்கு ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் இன்னொரு தடவை விற்கலாம். ரிசார்ட்காரர்கள் குடும்பத்தோடு வாருங்கள், இரண்டு நாள் இலவசம் என்று கூப்பிடுவார்கள். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், நான் போனதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போனால் இலவசமாகத் தங்கினேன் என்று கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். எழுதக்கூடாது என்று அவர்கள் சொன்னால் போகாதீர்கள்.

பத்து இடத்தில் ஒன்பதை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், கல் சுடுவதற்கு முன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானத்துக்குப் பின்பக்கம் மேற்கு முற்றத்துக்குப் போங்கள். நிழலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே பெரியவனை நிற்கவைத்துவிட்டு, விமானத்தின் அடியிலிருந்து அவன் நிற்கும் இடம்வரை சின்னவளை அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். போட்டோ வேண்டாம், எத்தனை அடி என்று எனக்கு எழுதுங்கள்.