போர்டோ கலவை அடித்ததும் திராட்சை இலை கருகியது ஏன்?

கேள்வி: திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடித்தேன். நான்கே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. துத்தத்தை எடை போட்டுத்தான் போட்டேன். சுண்ணாம்பு மட்டும் போன வருடத்து மிச்சம். இனி இந்தக் கலவையை நம்பலாமா? கொடிக்கு அடியில் புல் மண்டிக் கிடக்கிறது, செம்மறிகளை மேயவிடலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. போன வருடத்து மிச்சச் சுண்ணாம்புதான். கற்சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கிடந்தால் தானே மாவாக உதிர்ந்து, காரம் போய்ச் செத்துவிடும். எடை சரியாக இருந்தும் பயனில்லை. துத்தத்திலுள்ள தாமிரத்தைக் கட்டிப்போட ஆளில்லாமல், அது நேராக இலைக்குள் இறங்கிச் சுட்டுவிட்டது.

இந்தக் கலவையில் சுண்ணாம்புக்கு எவ்வளவு வேலை என்பது அதன் பிறப்பிலேயே தெரியும். பிரான்சின் போர்டோ பக்கம், பாதையோரக் கொடிகளில் பழம் பறிப்பவர்களை மிரட்ட, துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து இலையில் தெளித்து வைப்பார்கள். 1878-இல், அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் அந்நாட்டில் தலைகாட்டியிருந்தது. 1882 அக்டோபரில் அவ்வழியே போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே ஒன்றைக் கவனித்தார்: உள்ளே இருந்த கொடிகள் இலை உதிர்ந்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. வேதியியலாளர் கயோனோடு சேர்ந்து சோதித்து 1885-இல் வெளியிட்டார். அன்றைய கலவை கூழ்தான்: 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ துத்தம், 30 லிட்டரில் 15 கிலோ சுண்ணாம்பு. திருடனுக்கு வைத்த பூச்சு பூசணத்தைப் பிடித்துக் கொடுத்தது!

இன்று 1 சதவீதக் கலவை போதும். 1 கிலோ துத்தத்தை 50 லிட்டரில் கரையுங்கள். புதிதாக நீற்றிய 1 கிலோ கற்சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் வேண்டும், இரும்பு ஆகாது. அடிக்குமுன் பளபளப்பாகத் தேய்த்த இரும்பு ஆணியைச் சில நிமிடம் முக்கி எடுங்கள் (எவர்சில்வர் கத்தி சரிவராது). சிவப்புப் படிந்தால் தாமிரம் இன்னும் கட்டுப்படவில்லை, சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இரும்பு கரைந்து போக, அதன் இடத்தில் தாமிரம் வந்து ஒட்டுகிறது. சீனாவில் சோங் அரசர் காலத்தில் சுரங்க நீரில் இரும்பைப் போட்டுத் தாமிரம் எடுத்ததும் இதே வித்தைதான். கலந்த அன்றே அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

ஆகவே கலவையை நம்பலாம், ஆனால் காவலாக மட்டும். பூசண வித்து முளைத்து இலைக்குள் நுழைந்துவிட்டால் தாமிரம் ஒன்றும் செய்யாது. கருகிய இலை திரும்பாது. புதுத் துளிர் வரட்டும், அதுவரை மறுபடி அடிக்காதீர்கள். ஈரம் காயாத குளிர்ந்த நேரத்தில் அடித்தாலும் இலை சுடும்.

அடிக்கடி அடிப்பதும் வேண்டாம். தாமிரம் மக்கிப் போகாது, மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு எக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ தாமிரம்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. 1 கிலோ துத்தத்தில் ஏறத்தாழ 250 கிராம் தாமிரம் உண்டு. எக்டேருக்கு 500 லிட்டர் அடித்தால் ஒரு முறைக்கே 1.25 கிலோ ஆகிவிடும்.

செம்மறியை விடவே விடாதீர்கள். மற்றக் கால்நடைகளைவிட அதற்குத்தான் தாமிரம் பெரிய ஆபத்து. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், வாரக்கணக்கில் ஆடு நன்றாகவே தெரியும். பிறகு ஒரு நாள் அந்தத் தாமிரம் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. புல்லை அறுத்துப் போடுவதும் மேயவிடுவதும் ஒன்றுதான். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையிலும் தாமிரம் இருக்கும், அதையும் செம்மறிக்கு வைக்காதீர்கள். ஏற்கெனவே மேய்ந்திருந்தால், நோய்க்குறி வரும்வரை காத்திராமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.