கேளுங்கோ, சொல்லுறன்: செத்தல் மிளகாயும் பாண் கியூவும்

கேள்வி: ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பிரதமரா இருந்த காலம்தான் பொற்காலம் எண்டு அப்பு சொல்லுறார், அந்தப் பேரைக் கேட்டாலே அம்மம்மா பேசுறா. 1977இல வந்த திறந்த பொருளாதாரம், அதுதான் வெளிச்சாமானுக்குக் கதவு திறந்துவிட்டது, நல்லதா கெட்டதா, ஆர் சொல்லுறது சரி? (வாசகி, சாவகச்சேரி)

அப்பு தோட்டம் செய்தவரோ பிள்ளை? அப்பிடியெண்டா ரெண்டு பேர் சொல்லுறதும் சரி. 70க்கும் 77க்கும் இடையில வெளியில இருந்து செத்தல் மிளகாய், வெங்காயம் வாறதை அரசாங்கம் இறுக்கிப் போட்டுது, அதால யாழ்ப்பாணத்துச் சாமானுக்குக் கொழும்பில நல்ல விலை, லொறி லொறியாப் போச்சுது, அந்தக் காசில கல்வீடு கட்டினவை, இறைக்கிற மெசின் வாங்கினவை எண்டு கன பேர். ஆனா அடுப்படியில நிண்ட ஆளைக் கேளுங்கோ, விடியமுன்னம் பாணுக்குக் கியூ, சீனி கூப்பனுக்கு (அரசாங்கப் பங்கீட்டு அட்டைக்கு), அரிசி கொண்டுபோனா வழியில மறிச்சுச் சோதனை. அப்பு வித்த ஆள், அம்மம்மா வாங்கின ஆள், அவ்வளவுதான். (அப்புவிட்ட ஒண்டு கேளுங்கோ, கம்பஸ் எடுக்கேக்க தமிழ்ப் பெடியளிட்டக் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே அரசாங்கம்தானே, மிளகாய் வித்த காசில படிப்பிச்ச பெடியள் கம்பஸ் போகேலாமல் நிண்டதை மறந்திட்டாரோ எண்டு.)

கேள்வி: 77க்குப் பிறகு தோட்டக்காரருக்கு என்ன நடந்தது? (வாசகர், வவுனியா)

77 யூலையில எலெக்சனில ஜே.ஆர். ஜெயவர்த்தன வெண்டார், நவம்பர் பட்ஜெட்டில நிதியமைச்சர் ரொனி டி மெல் இறக்குமதித் தடையளில பெரும்பாலானதை எடுத்துப்போட்டு ரூபாவையும் இறக்கினார், 8, 9 ரூபா நிண்ட டொலர் 16 ஆச்சுது. கடையெல்லாம் வெளிச்சாமான். பிறகு செத்தலும் வெங்காயமும் கப்பலில வந்து இறங்க எங்கட விலை விழுந்துது, கைத்தறிக்காரருக்கும் இதே கதைதான். ரூபா இறங்கினா வெளிச்சாமான் விலை ஏறோணும், உள்ளூர்க்காரனுக்கு அது லாபம்தானே எண்டு படிச்சவை கேப்பினம். ஏறினதுதான், ஆனா கதவு பூட்டிக்கிடந்த காலத்து விலையோட பாத்தா அது காணாது, இந்தப் பக்கம் மெசினுக்கு ஊத்துற மண்ணெண்ணெயும் விலை ஏறிப்போச்சு, பிறகு 83 கலவரமும் சண்டையும் வந்திட்டுது, அதோட எந்த நட்டத்தை எதின்ர கணக்கில எழுதுறது எண்டே தெரியாமல் போச்சு.

கேள்வி: அப்ப ஆருக்குத்தான் நன்மை? (வாசகர், மட்டக்களப்பு)

வேலை தேடின ஆக்களுக்கு. 78இல கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்துது, ஹொங்கொங் பக்கத்து உடுப்புக் கம்பனியளுக்குத் தங்கட ஏற்றுமதிக் கோட்டா (ஒரு நாட்டில இருந்து இவ்வளவு உடுப்புத்தான் வாங்குவம் எண்டு வாங்குற நாடுகள் போட்ட அளவு) காணாமல் இருந்தது, இலங்கையின்ர கோட்டா சும்மா கிடந்தது, அதுதான் ஓடிவந்தவை, ஆயிரக்கணக்கில பொம்பிளைப் பிள்ளையள் முதல்முதலாச் சம்பளம் எடுத்தவை. அந்தச் சம்பளம் சின்னது, அதையும் சொல்லத்தான் வேணும். மகாவலி ஆத்தில அணை கட்டின மகாவலித் திட்டத்திலயும் கன வேலை.

பாவம் கூப்பனை நம்பியிருந்த சனம். பங்கீட்டு அரிசியை நிப்பாட்டி 79இல உணவு முத்திரை குடுத்தவை, மாதம் 300 ரூபாவுக்குக் கீழ உழைக்கிற குடும்பத்துக்கு. அரிசியா இருந்தா விலை ஏறினாலும் அரிசி அரிசிதான், முத்திரையில அடிச்சிருந்தது ரூபாக்கணக்கு, 80இல விலைவாசி நூற்றுக்கு 26 ஏற அந்தத் தொகை மட்டும் அப்பிடியே கிடந்துது. சாவகச்சேரிப் பிள்ளை, அம்மம்மாவின்ர டிரங்குப்பெட்டியைக் கிண்டிப் பாருங்கோ, ஒரு முத்திரை கிடந்தாலும் கிடக்கும்.