ஒஷோக்போவின் காடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சூசன் வெங்கர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரியாவிலிருந்து நைஜீரியா போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அங்குள்ள யொரூபா இன மக்களின் பூசாரி ஆனதை இவ்வளவு கொண்டாட வேண்டுமா? அந்த ஊர்க்காரர்களின் சாமியையும் கைத்தொழிலையும் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்றுதானே ஆகிறது?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வெங்கர் எதையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. 1950-இல் நைஜீரியா போனார். காசநோயில் படுத்து எழுந்தார். எடே ஊரில் ஒபாடாலா தெய்வத்தின் பூசாரியான அஜகேமோ அவரைச் சேர்த்துக்கொண்டார், தீட்சை கொடுத்தார். அப்புறம் ஒஷோக்போ நகரமே அவர் ஊராகிவிட்டது. 2009-இல், 93 வயதில், அங்கேதான் இறந்தார். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அதுன்னி.

கைத்தொழிலுக்கு வருகிறேன். மரவள்ளி மாவில் படிகாரம் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் சித்திரம் எழுதுவது யொரூபாப் பெண்களின் வேலை. கூழ் காய்ந்ததும் துணியை அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். தூக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். நிறம் ஏற ஏறத் திரும்பவும் முக்க வேண்டும். கடைசியில் கூழைச் சுரண்டினால் சித்திரம் வெளிறித் தெரியும். வியன்னாவில் முறையாக ஓவியம் படித்த வெங்கர் இந்தக் கூழ்முறையைக் கற்றுக்கொண்டு, பெரிய பெரிய துணிகளில் யொரூபா தெய்வக் கதைகளை எழுதினார். இதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். மாணவியாக உட்கார்ந்த ஒருவரின் வேலை அது.

ஒஷோக்போவில் ஒஷுன் நதியோரத்துப் புனிதக் காடு 75 ஹெக்டேர். மரங்கள் வெட்டுப்பட்டு, கோயில்கள் இடிந்துகொண்டிருந்த நேரத்தில் அவற்றைச் சீர்செய்ய இறங்கியவர் வெங்கர். 2005-இல் அந்தக் காடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அவர் தனியாளாக எதையும் கட்டவில்லை. அடெபிசி அகன்ஜி கொத்தனாராக இருந்தவர். சிமென்ட்டில் அவர் வளைத்த உருவங்கள் அங்கே நிற்கின்றன. கசாலி அகாங்பே மரச்சிற்பிகளின் குடும்பத்திலிருந்து வந்தவர். புரைமோ கபடமோசி கல்லில் செதுக்கினார்.

உங்கள் கேள்வியில் நான் முழுக்க உடன்படும் இடம் இதுதான். அந்தக் காட்டின் புகைப்படங்கள் பலவற்றின் குறிப்பில் வெங்கர் பெயர் மட்டும் இருக்கும், அகன்ஜியின் பெயர் இருக்காது. கோபப்பட வேண்டியது அந்த விடுபடலைப் பார்த்துத்தான். அதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.