அயர்லாந்தின் ஊர்ப்பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: டப்ளின் என்றால் கருமடு என்கிறார்கள். சாலைப் பலகைகளில் ஐரிஷ் மொழியில் வேறு பெயர் இருக்கிறதே, ஐயா?

பதில்: அவை இரண்டு தனித்தனி இடங்களின் பெயர்கள். பாடில் என்னும் சிற்றாறு லிஃபி ஆற்றில் கலக்குமிடத்தில் இருந்த கரிய மடுவே 'டுவ் லின்'. அது தூர்ந்துபோய், இன்று டப்ளின் கோட்டைத் தோட்டமாக இருக்கிறது. பலகையிலுள்ள 'பாலி ஆஹா கிளியா', ஆற்றை நடந்து கடப்பதற்காகச் சேற்றின்மேல் பின்னல் தட்டிகளை விரித்திருந்த துறையைக் குறிப்பது. தமிழில் 'தட்டித்துறையூர்' எனலாம்.

கேள்வி: 'கில்' என்று தொடங்கும் ஊர்களெல்லாம் தேவாலயத்தால் பெயர் பெற்றவையா?

பதில்: பெரும்பாலானவை அப்படித்தான். கில்டேர் 'ஓக் மரத் தேவாலயம்', கில்கென்னி 'புனிதர் கனிக்கின் தேவாலயம்'. ஆனால் ஐரிஷில் தேவாலயம் 'கில்', காடு 'குவில்'. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பல இடங்களில் இரண்டையும் ஒரே எழுத்துகளில் அடக்கிவிட்டார்கள். ஆகவே கில்மோர் எனும் ஊர்களில் சில 'பெரிய தேவாலயம்', சில 'பெரிய காடு'. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்வது ஊகமே. 1830 முதல் நில அளவைத் துறையில் பணியாற்றிய ஜான் ஓ'டோனவன், ஊர் ஊராகச் சென்று உள்ளூர் மக்களின் உச்சரிப்பைக் கேட்டு, அதைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்ட பிறகே முடிவு சொன்னார். இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி: வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு ஆகியவையும் ஆற்றுத் துறைகளா?

பதில்: இல்லை. அவை ஸ்காண்டினேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இட்ட பெயர்கள். அந்த 'ஃபோர்டு' ஆற்றுத் துறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று; கடற்கழியைக் குறிக்கும், அவர்களது நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: கோவ் துறைமுகப் பெயரின் ஐரிஷ் பொருள் என்ன?

பதில்: ஐரிஷில் அதற்குப் பொருளே கிடையாது! சிறு குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஐரிஷ் எழுத்துக்கூட்டலை அணிவித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1849இல் விக்டோரியா அரசி வந்திறங்கியதையொட்டி அவ்வூர் குயின்ஸ்டவுன் ஆயிற்று. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1920இல் பழைய பெயர் இந்தப் புதிய கோலத்தில் திரும்பியது.

கேள்வி: டிங்கிள் ஊர்ப்பெயரால் ஏன் சச்சரவு எழுந்தது?

பதில்: 2004ஆம் ஆண்டின் அரசாணை, ஐரிஷ் பேசும் பகுதியிலுள்ள அவ்வூருக்கு அரண் எனப் பொருள்படும் 'அன் டாங்கன்' என்பதே அதிகாரப்பூர்வப் பெயர் என்றது. டிங்கிள் என்ற பெயரை நம்பி வரும் சுற்றுலாப் பயணிகள் வழி தெரியாமல் திணறுவார்கள் என்று ஊரார் எதிர்த்தனர்; 2006இல் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையுடன் ஆணையை நிராகரித்தனர். டிங்கிள் என்ற பெயர் 2011இல்தான் சட்டப்படி மீண்டது.