கேள்வி-பதில்: தோலிலும் எலும்பிலும் எழுதிய ஏடுகள்

கேள்வி: மதரஸாவில் ஓதும் என் பத்து வயது மகன், "நபிக்கு எழுதத் தெரியாது என்று உஸ்தாத் சொன்னார், அப்படியானால் குர்ஆனை எழுதியது யார்?" என்று கேட்டான். தோழர்கள் எழுதினார்கள் என்றேன். "பிறகு உஸ்மான் ஏன் குர்ஆனை எரித்தார்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டான். அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: நீங்கள் சொன்னது சரிதான். நம் வீடுகளில் யாரும் "குர்ஆன் படித்தேன்" என்று சொல்வதில்லை, "ஓதினேன்" என்றே சொல்கிறோம்; 'குர்ஆன்' என்ற சொல்லின் பொருளும் ஓதப்படுவது என்பதுதான். 610ஆம் ஆண்டு தொடங்கி 632 வரை மக்காவிலும் மதீனாவிலும் சிறிது சிறிதாக அருளப்பட்ட வசனங்களை நபிகள் நாயகம் (ஸல்) ஓதிக் காட்ட, தோழர்கள் அவற்றை மனனம் செய்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கைக்குக் கிடைத்ததில் எழுதியும் வைத்தார்கள். பேரீச்ச மட்டை, பதப்படுத்திய தோல், தட்டையான வெள்ளைக் கல், ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு ஆகியவைதான் அன்றைய ஏடுகள். எனவே நபியவர்கள் மறைந்தபோது குர்ஆன் முழுவதும் மனங்களில் இருந்தது, துண்டு துண்டாக எழுத்திலும் இருந்தது. இரண்டு அட்டைகளுக்கு இடையே ஒரே நூலாக மட்டும் இருக்கவில்லை.

அந்த நிலையை மாற்றியது யமாமா போர். 633 வாக்கில் நடந்த அப்போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் கொல்லப்பட்டதால், உமர் (ரலி) கவலைப்பட்டு, முதல் கலீஃபா அபூபக்ரிடம் (ரலி) அனைத்தையும் ஒன்றுதிரட்டுமாறு வற்புறுத்தினார். "அல்லாஹ்வின் தூதர் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது?" என்று அபூபக்ர் முதலில் தயங்கினார். பிறகு அவர் மனம் இசைந்து அழைத்தது, நபியவர்களுக்கு வஹீயை (இறைச்செய்தியை) எழுதியவரும் அப்போது இருபது வயதைச் சற்றே கடந்திருந்தவருமான ஸைத் இப்னு ஸாபிதை (ரலி). ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று ஸைத் பின்னாளில் சொன்னது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

ஸைத் வேலை செய்த விதத்தை உங்கள் மகனுக்கு அவசியம் சொல்லுங்கள். முழுக் குர்ஆனும் மனப்பாடமாக இருந்தும் அவர் தம் நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை. மற்றவர்களின் நினைவையும், எழுதப்பட்ட ஏட்டையும் சேர்த்து வைத்துச் சரிபார்த்தார். 'தவ்பா' அத்தியாயத்தின் கடைசி இரு வசனங்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. ஆயினும் அவற்றை எழுத்தில் தேடி, கடைசியில் அபூ குஸைமா அல்அன்ஸாரி என்ற தோழரிடம் கண்டார். ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையின்போது, குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் ஓர் இடத்தில் தடுமாறினால், பின்வரிசையிலிருந்து இன்னொருவர் மெல்ல எடுத்துக் கொடுப்பதை மகன் கேட்டிருப்பானே, அந்தச் சரிபார்ப்புதான் இது. ஸைத் அதனோடு எழுத்தையும் சாட்சிக்கு அழைத்தார்.

அப்படித் தொகுத்த ஏடுகள் அபூபக்ரிடமும், அவருக்குப் பின் உமரிடமும், பிறகு உமரின் மகளும் நபியவர்களின் துணைவியுமான ஹஃப்ஸாவிடமும் (ரலி) இருந்தன. 650 வாக்கில், அர்மீனியா, அஸர்பைஜான் பகுதிகளில் போருக்குச் சென்று திரும்பிய தோழர் ஹுதைஃபா, சிரியாவின் வீரர்களும் ஈராக்கின் வீரர்களும் ஓதலில் வேறுபட்டு ஒருவரையொருவர் குறை சொல்வதாக மூன்றாம் கலீஃபா உஸ்மானிடம் (ரலி) முறையிட்டார். ஹஃப்ஸாவிடமிருந்த ஏடுகளை வரவழைத்த உஸ்மான், ஸைதோடு, நபியவர்களின் குலமான குறைஷிக் குலத்தவர் மூவரை அமர்த்திப் பிரதிகள் எழுதச் செய்தார். கருத்து வேறுபட்டால் குறைஷியரின் வழக்கிலேயே எழுதுங்கள் என்பது கட்டளை. 'தாபூத்' (பேழை) என்ற சொல்லின் கடைசி எழுத்து 'த'வா 'ஹ'வா என்பதில் அவர்களிடையே வாதம் எழுந்து, அது கலீஃபாவரை போய், 'த' என்று தீர்ந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. ஓர் எழுத்துக்கு அவ்வளவு வாதம்!

பிரதிகள் முக்கிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. மற்ற ஏடுகளை எரிக்க ஆணையிடப்பட்டது. வேறுபட்ட ஏடுகள் புழக்கத்தில் இருந்தால் சண்டை ஓயாது என்பதே காரணம். எல்லோரும் அதை உடனே ஏற்கவில்லை. ஈராக்கின் கூஃபா நகரிலிருந்த மூத்த தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) தம் ஏட்டை ஒப்படைக்க மறுத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. எரித்தது என்ற சொல் பிள்ளையை உறுத்தினால், நம் மலேசியாவில் கிழிந்துபோன குர்ஆன் பிரதிகள் குப்பையிலும் காலடியிலும் படக்கூடாது என்று சமய அதிகாரிகள் சேகரித்து எரிப்பதை நினைவூட்டுங்கள். அது அவமதிப்பு அன்று.

கேள்வி: பழைய குர்ஆன் ஏடுகளில் புள்ளியும் உயிர்க்குறியும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் ஆளுக்கொரு விதமாக வாசித்திருக்க மாட்டார்களா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நம் ஓலைச்சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஓலை கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'பல' என்று இருந்தால் அது 'பல'வா 'பல்'லா என்பதைப் பாடம் கேட்டவர்தான் அறிவார். அரபியிலும் அப்படியே, ப, த, ன போன்ற ஒலிகளுக்குச் சொல்லின் நடுவில் ஒரே வடிவந்தான், புள்ளியே வேறுபடுத்தும். ஏடு நினைவூட்டல், ஓதுவது ஆசிரியரிடம் கேட்ட ஓதல். அரபியரல்லாதார் பெருகிப் பிழைகள் வரத் தொடங்கியபோது, அபுல் அஸ்வத் அத்துஅலி என்ற இலக்கண அறிஞர் வண்ணப் புள்ளிகளால் உயிரொலிகளைக் குறித்தார். இன்று நாம் காணும் குறிகளுக்கு 8ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் வடிவம் தந்தார்.

ஆயினும் புள்ளியும் குறியும் இல்லாத ஒரே எழுத்து வடிவத்துக்குள் சில ஓதல் முறைகள் அங்கீகாரத்தோடு நிலைத்தன. நாம் ஓதுவது ஆஸிம் என்ற ஓதல் ஆசிரியரிடமிருந்து அவர் மாணவர் ஹஃப்ஸ் அறிவித்த முறை. ஆகவே முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் 'மாலிகி யவ்மித்தீன்' என்கிறோம். மொராக்கோ மாணவர் ஒருவர் தலைமையேற்றுத் தொழுவித்தால், அங்கே வழங்கும் வர்ஷ் முறைப்படி 'மலிகி' என்று ஓதுவார். முதலாவதன் பொருள் தீர்ப்பு நாளின் அதிபதி, இரண்டாவதன் பொருள் தீர்ப்பு நாளின் அரசன். பழைய எழுத்தில் இரண்டும் ஒன்றே. அவர் பிழையாக ஓதுகிறார் என்று பின்னாலிருந்து திருத்திவிடாதீர்கள்.

கேள்வி: பிர்மிங்ஹாம் ஏடு குர்ஆனின் பழைமையை நிரூபித்துவிட்டதா?
– அதே வாசகர்

பதில்: பிர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு தோல் ஏடுகளின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் அறிவித்தார்கள். சோதித்தது தோலை, மையை அன்று. எனவே எழுதிய ஆண்டு சற்றுப் பின்னதாக இருக்க இடமுண்டு. 1972இல் ஏமனின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் கிடைத்த பழைய குர்ஆன் ஏடுகளுள் ஒன்றில், முன்பு எழுதியதை அழித்து அதன்மேல் மீண்டும் எழுதியிருக்கிறார்கள்; அழிக்கப்பட்ட அந்த அடி எழுத்தில் சில சொற்களும் அத்தியாய வரிசையும் வேறுபடுகின்றன. உஸ்மான் எவ்வகை வேறுபாட்டை நிறுத்த முயன்றார் என்பதற்கு அதை ஒரு கண்கண்ட சான்றாகவே நான் கொள்கிறேன்.

கேள்வி: அச்சில் பிழை வந்தால் யார் பொறுப்பு?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: மலேசியாவில் அதற்கென்றே 1986ஆம் ஆண்டின் குர்ஆன் உரை அச்சிடல் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்று, உள்துறை அமைச்சின் கீழுள்ள வாரியத்தின் ஒப்புதலோடுதான் அச்சிடலாம். எழுத்து, உஸ்மானின் பிரதிகளைப் பின்பற்றும் உஸ்மானி முறையில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரதியில் சில சொற்களின் எழுத்தமைப்பும் நிறுத்தக் குறிகளும் வேறாக இருந்தால் திகைக்க வேண்டாம். அது அந்நாட்டு அச்சு மரபு, பிழை அன்று.