பல்லி, தேள், மூஞ்சூறு: வீட்டுக்குள் வந்ததைக் கொல்லாமல் வெளியே விட (கேள்வி பதில்)

வணக்கம். தர்மபுரியில் பல வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். நாலு தூறல் விழுந்தாலே "டீச்சர், வீட்டுக்குள்ள என்னமோ வந்திருக்கு" என்று போன் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பிடிப்பது சுலபம். அது எந்த வழியாக வந்தது, அதை எங்கே விடப்போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் போன இடத்தில் அது செத்துப்போகும், அல்லது நாளைக்கே திரும்பி வரும்.

பாப்பாரப்பட்டி: டீச்சர், சாமி ரூம் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி. வயித்துக்கடியில வெள்ளையா வில்லை மாதிரி ஒண்ணை இடுக்கிட்டிருக்கு. அடிக்க மனசு வரல.

அடிக்காதீங்க. அந்த வில்லைதான் அதன் முட்டைப் பை. குஞ்சு பொரியும் வரை தாய் அதைக் கீழே வைக்காது. இது வலை கட்டி உட்காரும் வகை கிடையாது. ராத்திரியில் அலைந்து கரப்பான் பிடித்துத் தின்னும். மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை.

வாய் அகலமான, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்க. அதோடு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. டப்பாவை மெதுவாகச் சுவரோடு ஒட்டி மேலே கவிழ்க்கணும். கால் ஏதாவது விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அழுத்தாமல் அப்படியே பிடித்திருங்க, கொஞ்ச நேரத்தில் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அட்டையைப் பக்கவாட்டில் நுழைத்து, சுவரை உரசியபடியே தள்ளுங்க. அட்டையோடு சேர்த்துத் தூக்கி, விறகு அடுக்கின இடத்திலோ மாட்டுக்கொட்டகைச் சுவரோரமோ டப்பாவைப் படுக்கவைத்துவிட்டு வந்துடுங்க. வெயிலில் காயும் வாசலில் கொட்டினால் காக்கைக்குத்தான் போகும்.

கிருஷ்ணகிரி: மாந்தோப்புக்குள்ள வீடு. சுத்திலும் கல்லு. மாசத்துக்கு ரெண்டு தேளாவது உள்ள வருது. சின்னப் புள்ளைங்க இருக்காங்க. இதையும் உயிரோட விடணுமா?

புள்ளைங்களை முதலில் வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றது. பெரிய கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். நம் பக்கத்தில் உண்மையில் பயப்பட வேண்டியது சின்னதாக இருக்கும் செந்தேளுக்கு. அது கொட்டி வாந்தி, கொட்டும் வியர்வை, கை கால் சில்லிடுவது என்று வந்தால், முக்கியமாகக் குழந்தைக்கு, உயிருக்கே ஆபத்து. கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதிலும் நேரத்தை விடாதீங்க. நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்க. பிரசோசின் என்ற மாத்திரை செந்தேள் கடிக்கு எப்படி உயிர் காக்கிறது என்பதை மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் நிரூபித்துக் காட்டினார்.

இனி பிடிப்பது. ஷூ போட்டுக்கொண்டு, நீளமான இடுக்கியும் ஆழமான கண்ணாடி பாட்டிலும் எடுங்க. பாட்டிலைத் தேளுக்கு முன்னால் படுக்கவைத்து, பின்னாலிருந்து துடைப்பக் குச்சியால் லேசாகத் தள்ளினால் உள்ளே போய்விடும். நிமிர்த்திவிட்டால் வழுக்கும் கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. முதுகில் வெள்ளை வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது குட்டிகளைச் சுமக்கும் தாய், உதறாமல் கொண்டுபோங்க. ஆள் நடமாட்டமில்லாத கரட்டுப் பக்கம், கல்லிடுக்கு உள்ள இடமாகப் பார்த்து விடுங்க. கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று பிடிக்க வேண்டிய நிலை என்றாலோ, கை நடுங்கினாலோ, அடித்துவிடுங்க. குழந்தை இருக்கும் வீட்டில் அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் இருக்கிறதே, அதை இருட்டில் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். படுக்குமுன் ஒரு சுற்று பார்த்துவிடலாம். சுவரை ஒட்டி அடுக்கிய கல்லையும் விறகையும் தள்ளி வையுங்க, கதவடி இடுக்கை அடையுங்க. பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

பாலக்கோடு: பட்டுப்புழு வளர்க்கிறோம். மனைக்குள்ள பல்லி புகுந்து புழுவைத் தின்னுது, எறும்பும் வருது. மருந்து அடிக்க முடியாது. என்ன செய்ய, அக்கா?

மருந்து அடிக்காமல் இருப்பது ரொம்ப சரி. பூச்சிமருந்து பட்ட காற்றையே பட்டுப்புழு தாங்காது. எறும்புக்குப் பழைய வழியே போதும்: தட்டு அடுக்கும் தாங்கியின் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்க, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்க.

பல்லியை ராத்திரி விளக்கடியில், மேலே சொன்ன டப்பா அட்டை முறையிலேயே பிடிக்கலாம். வாலைத் தொடாதீங்க. வால் கழன்றால் மறுபடி முளைக்கும்தான், ஆனால் அதில் சேர்த்து வைத்த கொழுப்பு போய்விடும், அடுத்த சில வாரம் அதற்குக் கஷ்ட ஜீவனம். நம் வீட்டுப் பல்லி சுவரில் வாழ்ந்து பழகினது. வரப்பில் கொண்டுபோய் விட்டால் ஒண்டுவதற்கு இடம் இருக்காது. தள்ளி இருக்கும் மோட்டார் ரூமில் விடுங்க, அங்கே விளக்குக்கு வரும் பூச்சியைத் தின்று பிழைக்கும். ஜன்னலுக்கும் கூரை இடுக்குக்கும் நைலான் வலை அடிக்காமல் எத்தனை பல்லி பிடித்தாலும் வேலை முடியாது. (மற்ற வீடுகளில் பல்லியைப் பிடிக்கவே வேண்டாம். விஷமும் கிடையாது, கொசுவும் அந்துப்பூச்சியும் குறையும்.)

ஓசூர்: அபார்ட்மென்ட்டில் எலிக்கு வெச்ச பசை அட்டையில் பல்லி ஒட்டிக்கிச்சு. இன்னும் உயிரோட இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, மேடம்.

இழுக்காதீங்க, தோல் உரிந்துவிடும். சுற்றிலும் காலியாக இருக்கிற பசைமேல் கோதுமை மாவைத் தூவுங்க, மறுபடி ஒட்டாது. ஒட்டிய இடங்களில் பஞ்சால் தேங்காய் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு விரலாக நெகிழ்த்துங்க. மூக்கில் எண்ணெய் படக்கூடாது. விடுபட்டதும் மெல்லத் துடைத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெம்பு வந்ததும் பால்கனிச் சுவரில் விடுங்க.

அந்த அட்டையை இனி வாங்கவே வாங்காதீங்க. அதில் ஒட்டிய உயிர் உடனே சாவதில்லை, பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்காகத் துடிக்கிறது. எலிக்குக் கம்பிக் கூண்டு வையுங்க. சுண்டெலிக்கு சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையே தாராளம், பைப் போகும் இடத்தையெல்லாம் இரும்பு நாரும் சிமெண்ட்டும் வைத்து அடைக்கணும். கூண்டைத் தொடும்போது கையுறை போடுங்க, எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும்.

அரூர்: கூண்டுல எலிக்குப் பதிலா மூஞ்சூறு மாட்டிக்கிச்சு. காலையில பார்க்கும்போது செத்துக் கிடந்துச்சு. நல்லாத்தானே இருந்துச்சு?

பசிதான் காரணமாக இருக்கும். மூஞ்சூறுக்கு அடிக்கடி தின்றுகொண்டே இருக்கணும், ஒரு ராத்திரிப் பட்டினியைத் தாங்காது. கூண்டு வைத்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கணும், முடியாத ராத்திரியில் வைக்காதீங்க. அது எலி இனமும் கிடையாது, பூச்சி தின்னி. மாட்டினால் வீட்டுக்குப் பின்னாலேயே புதரோரம் திறந்து விட்டால் போதும்.

பென்னாகரம்: ராத்திரி லைட்டுக்கு வர்ற ஒரு சின்னப் பூச்சி, எறும்பு மாதிரி, ஆரஞ்சும் கறுப்புமா. கழுத்துல பட்ட இடம் மறுநாள் சுட்ட மாதிரி வெந்துபோச்சு. கடிச்சிருக்குமா?

கடிக்கவில்லை, நீங்கள் நசுக்கியிருக்கீங்க. அதன் உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பட்டால்தான் கொப்புளம். மேலே உட்கார்ந்தால் தட்டாமல் ஊதிவிடுங்க, அல்லது ஒரு தாளில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே உதறுங்க. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவணும், அந்தக் கையோடு கண்ணைத் தொடக்கூடாது. வயலில் இது நமக்கு உதவுகிற பூச்சி, பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்னும். மழைக்காலத்தில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வெளி விளக்கைப் போட்டால் இதுவும் ஈசலும் தானாக வெளியே போகும்.

காரிமங்கலம்: மரவட்டை நூத்துக்கணக்குல வருது.

முறத்தில் கூட்டி, மரத்தடியில் மட்கும் இலைக் குப்பையில் கொட்டுங்க. கையால் அள்ளினால் கறை படியும், நாறும். ஈரம் குறைந்தால் வரத்தும் நின்றுவிடும்.

தேன்கனிக்கோட்டை: பாம்பு வந்தா இதே மாதிரி பிடிக்கலாமா, டீச்சர்?

வேண்டாம் தம்பி. பாம்பு விஷயத்தில் டப்பா, குச்சி, தைரியம் எதுவும் வேண்டாம். அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைத் திணித்து, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 அடிங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பாம்பையும் காக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம், ராத்திரி தரையில் படுத்தவரைத்தான் அதிகம் கடிக்கும். கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுங்க. கடி என்று சந்தேகம் வந்தாலே 108.

ஊத்தங்கரை: அப்ப கொசுவையும் பிடிச்சு வெளிய விடணுமா?

கொசுவை அடிங்க. டெங்கு பரப்புவதை வெளியே விட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டினால் முட்டை கொசுவாகும் முன்பே முடிந்துவிடும்.

பர்கூர்: என் பொண்ணு பொன்வண்டைத் தீப்பெட்டியில வெச்சிருக்கா. விடச் சொன்னா அழறா.

இன்று சாயந்தரம் வரை வைத்திருக்கட்டும், ஆனால் பெட்டியை மாற்றுங்க. காற்றோட்டமான டப்பாவில் பிடித்த மரத்து வேல இலையைப் போடுங்க, அது கொறிப்பதை அவளே பார்க்கலாம். வளர்ந்த வண்டுக்கு ஆயுசு சில வாரம்தான், அதற்குள் அது முட்டை வைக்கணும் என்பதைச் சொல்லுங்க. வெயில் தாழ்ந்ததும் அதே வேல மரத்துக்குக் கூட்டிப்போய், அவள் கையாலேயே கிளையில் ஏற்றிவிடச் சொல்லுங்க.